கேட்பார்க்குப் படித்தல்

“இப்பொழுது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கின்றீர்?” மழைக்காலத்து இடைவேளைகளில் ஆசிரியர் கூடத்திற் கேட்கப்படும் மூன்று வினாக்களுள் இது முதலாவது. பொழுதுபோக்கு யாது என்பது இரண்டாவது. சனி ஞாயிறு எவ்வாறு கழியப்போகின்றது என்பது மூன்றாவது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் வினாக்கள் ஆதலால், ஒவ்வொரு சொல்லில் விடை கூறிவிட்டு வகுப்புக்கு எழுந்து போய்விடலாம். ஆயினும் இக் கார்த்திகை மாதத்தில் எமக்கு இம் மூன்று வினாக்களுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஆகவே சற்று விரித்துச் சொல்ல ஆசை பிறந்தது. வாசகர்கள் பொறுத்தருள்க.

படிப்பது உ. வே. சாமிநாதையர் அவர்களின் ‘என் சரித்திரம்’. “இதனை இப்பொழுதுதானா படிக்கின்றீர்?” என்று தமிழ் கற்பிக்கும் அன்பர் ஒருவர் வியந்தார். நாம் கற்பிப்பது வரலாறேயாயினும், பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலேயே இந்நூலை வாங்கிப் படித்து முடித்தவர்கள்தாம். இப்பொழுது படிப்பது எமக்காக அன்று. எம் அன்னையார் 75 வயதைத் தாண்டியவர். இரண்டு கண்களிலும் புரை படர்ந்து, எழுத்தென்பது அவருக்குப் பனிமூட்டத்தினுள்ளே நிற்கும் வேலி போலாகி ஒன்றரை ஆண்டு ஆகின்றது. இரவு உணவு முடிந்தபின், எட்டரை மணி தொடங்கி ஒன்பதேகால் மணி வரையில், விறாந்தையில் அவர் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருக்க, நாம் அருகிலிருந்து படிக்கின்றோம். அவர் கேட்கின்றார்.

கண் மங்கியதை அவர் நெடுங்காலம் எவர்க்கும் சொன்னாரில்லை. நாளிதழை முதலில் யன்னலண்டைக்குக் கொண்டு போனார். பின்னர் வாசற்படிக்குக் கொண்டு போனார். அதன்பின் முற்றத்து வெயிலுக்கே கொண்டு போனார். ஈற்றில் அதனை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முதல்நாள் வானொலியிற் கேட்ட செய்திகளையே அதிற் படித்தவர் போலச் சொல்லத் தலைப்பட்டார். உண்மையைக் கண்டுபிடித்தவள் எம் மகள். ஒருநாட் காலையில் அவள் தாளைத் தலைகீழாகக் கையிற் கொடுத்தாளாம். அப்பம்மா அதனைத் திருப்பாமலே வாங்கி வைத்துக்கொண்டாராம். அவளுடைய சேட்டையைக் கண்டித்தோம். ஆயினும் அச் சேட்டை இல்லையேல் இன்னும் ஓராண்டு இதே நாடகம் நடந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அன்றிரவே நாம் படிக்கத் தொடங்கினோம். அவர் முதன்முதலாகப் படிக்கச் சொன்னது யாது என்று வாசகர்கள் எண்ணுகின்றீர்கள்? மரண அறிவித்தல்கள்! எவ்வூரில், எவர் மருமகன், எவர் சகலன், கிரியை எத்தனை மணிக்கு என்று ஒன்றுவிடாமற் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் நாளிதழைப் படித்தார் என்பதற்கு முதற்பொருள் இதுவே என்பதை நாம் அறிந்திருந்தோமாதலால் வியக்கவில்லை. அதன்பின் வார இதழ்களிலிருந்து சிறுகதைகள். பின்னர் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. அதனை அவர் இளமையில் இருமுறை படித்திருந்தார். “இனிமேல் நடந்த கதை ஏதும் இருந்தாற் படி” என்றார். அவ்வாறு வந்து சேர்ந்ததே ஐயரின் சரித்திரம்.

பிறர் படிக்கக் கேட்டல் என்பது எம் நாட்டார்க்குப் புதிதன்று. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு பாடிப் படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்ல, ஊரார் சுற்றியிருந்து கேட்கும் புராண படனம் இன்றும் எத்தனையோ ஊர்களில் நின்றுவிடாமல் நடைபெறுகின்றது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம். இவ் வாழ்க்கை முறைக்குக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய அப்புராணத்தை ஏட்டிலோ அச்சிலோ ஒருமுறையேனும் தொட்டிராத மாதர் பலர், சூரபன்மன் எவ்விடத்தில் என்ன சொன்னான், வீரவாகு தேவர் அதற்கு என்ன மறுமொழி கூறினார் என்று அடுக்களையிலிருந்து திருத்தக்கூடியவர்களாய் இருந்தார்கள். கல்வி என்பதற்குப் பள்ளிக்கூடச் சான்றிதழையே அளவுகோலாகக் கொள்வோர் இவர்களை எவ்வகுப்பில் இருத்துவரோ நாம் அறியோம்.

எம் அன்னையாரின் தந்தையார் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர்; தோட்டம் செய்யாத மாலைகளில் கோயிலிற் பயன் சொன்னவர். சிறுமியாகத் தூணோரத்திலிருந்து கேட்ட பழக்கம் அன்னையாரிடம் அப்படியே இருக்கின்றது. அவர் வாளாவிருந்து கேட்பவர் அல்லர். “நில். இதுக்குப் பயன் என்ன?” என்று உரைநடைக்கும் பயன் கேட்பார். ஆதீனம் என்றால் என்ன? தம்பிரான்மார் என்பவர் எவர்? மாயூரம் எத்திசையில் இருக்கின்றது? அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிப்பிக்க எவ்வளவு செல்லும்? ஒரு பக்கத்துக்கு மூன்று வினாக்கள் வருமாயின் ஓர் அத்தியாயத்தை நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்தல் எளிதன்று. நாற்பது மாணவர் இருக்கும் எமது வகுப்பில் இவ்வளவு வினாக்கள் ஒரு கிழமையில் எழுந்தாலும் அது பெரும் பேறே.

எம் மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவள். தந்தைக்கு உதவி செய்வதாக எண்ணி, தமிழ் எழுத்தைத் தானே குரலாக்கிப் படிக்கும் வசதியைக் கைத்தொலைபேசியில் ஏற்படுத்தி, அப்பம்மாவின் காதருகில் வைத்தாள். அன்னையார் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “பாவம், இந்தப் பிள்ளை மூச்சு விடுறதே இல்லையே! முதல்லை அவளுக்குத் தண்ணி குடு” என்றார். நாம் நகைத்தோம், மகளுக்குச் சற்றுக் கோபம். ஆயினும் சிந்தித்துப் பார்க்குமிடத்து அன்னையார் கூறியதிற் குறையில்லை. படிப்பவர் மூச்சு எடுக்கும் இடத்திலேதான் கேட்பவர் பொருளை எடுக்கின்றார். எமக்கு வேலையுள்ள இரவுகளில் மகளே படிப்பாள். ஆனால் அவள் படிக்கும்பொழுது மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஓர் இரசாயனச் சமன்பாடு போலவே ஒலிப்பார். 1652இற் பார்வையை முற்றும் இழந்த மில்டனுக்கு அவருடைய புதல்வியர் தமக்குப் பொருள் விளங்காத மொழிகளின் நூல்களையும் உரக்கப் படித்துக் காட்டினர் என்று அவர் வரலாறு கூறுகின்றது. அப் பெண்களின் நிலை இரங்கத்தக்கது. எம் மண்ணில் வழங்கும் கதை இதனினும் இனியது. அந்தகக்கவி வீரராகவர் தம் முதுகில் எழுத்துக்களை எழுதச் செய்து கற்றார் என்பர். யாழ்ப்பாணத்துப் பரராசசேகரன் அவையிலும் அவர் பாடினார் என்பது வழக்கு.

எமக்கும் கண் முன்போல் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்க்கு அண்மையிலுள்ள எழுத்து மயங்குவதைச் சாளேசரம் என்று எம் முன்னோர் வழங்கினர். இந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்னும் சொல்லின் உறவு அது என்பர். வெள்ளெழுத்து என்னும் தமிழ்ப்பெயரும் உண்டு. நாம் முதன்முறையாக மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிய இரவில், உறை திறக்கும் ஓசையைக் கேட்டே அன்னையார் கண்டுபிடித்துவிட்டார். “உனக்கும் வந்திட்டுதோ தம்பி?” என்றார். அக்குரலில் இருந்தது இரக்கமா மகிழ்ச்சியா என்று இன்றுவரை துணியக்கூடவில்லை.

‘என் சரித்திரம்’ 1940 தொடங்கி ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942 ஏப்பிரில் மாதம் ஐயர் இறைவனடி சேரவே 122 அத்தியாயங்களோடு இடையில் நின்று, 1950இல் நூலுருவம் பெற்றது. கிழமைக்கு ஒன்றாக வரும்படி எழுதப்பட்டமையால் ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் இருக்கைக்கு அளவானது. கேட்பவர்க்குச் சலிப்பும் இல்லை, படிப்பவர்க்குத் தொண்டை வறட்சியும் இல்லை. பெரிய நூல்களை எழுதுவோர் இவ்வளவை அறிந்து எழுதுவாராயின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இந்நூலில் அன்னையார் எதிர்பார்த்திருக்கும் ஒருவர் இருக்கின்றார். நீர்வேலிக்கு அடுத்த ஊர் சிறுப்பிட்டி. அங்கே 1832இற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். உயர்ந்த உத்தியோகங்களில் இருந்துகொண்டே ஏடு தேடியவர். 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், ஐயரின் சிந்தாமணி வெளிவந்த அதே 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியவர். தொட்டால் ஓரம் நொறுங்கும், கட்டை அவிழ்த்தால் இதழ் முரியும் ஏடுகளோடு அவர் பட்ட பாட்டை அவருடைய பதிப்புரைகளிற் காணலாம். ஐயரின் சரித்திரத்தில் அவரும் வருவார் என்று தொடக்கத்திலேயே நாம் சொல்லிவைத்தோம். அன்று தொட்டு, “சிறுப்பிட்டியார் எப்ப வாறார்?” என்பது ஒவ்வோர் இரவும் கேட்கப்படும் வினாவாயிற்று. பிள்ளையவர்கள் காலம் கழிந்து, கும்பகோணத்து வேலை கிடைத்து, சிந்தாமணி ஆராய்ச்சி தொடங்கிய பின்னரே அவர் வருவார் என்றோம். “அப்ப இன்னும் கனதூரம் போகவேணும்” என்று அன்னையார் கதிரையிற் சாய்ந்துகொள்வார்.

போகும் வழியில் அவருக்கும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கும் ஒரு வழக்கு மூண்டது. மாயூரத்தில் இளைஞராகிய சாமிநாதர், தந்தையாரின் விருப்பப்படி, ‘நந்தனார் சரித்திரம்’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பயின்று வந்தார். அதனை அறிந்த பிள்ளையவர்கள் விரும்பவில்லை. சங்கீதத்தில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊன்றாது என்பது அவர் கருத்து. மாணாக்கர் சங்கீதத்தை விட்டுவிட்டார். திருமணத்துக்கு முன்னர் நான்காண்டு வாய்ப்பாட்டுப் பயின்று, திருமணத்தோடு அதனை நிறுத்தியவராகிய எம் அன்னையார் இதனைக் கேட்டுக் கொதித்தெழுந்தார். “பெரிய மனுசன்தான், ஆனால் அவர் செய்தது சரியில்லை. இரண்டும் படிச்சால் என்ன குறைஞ்சு போகும்?” என்றார். ஐயர் அவ்வாறு ஒன்றிலே நின்றமையாலன்றோ எமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன என்று நாம் வாதித்தோம். “பாட்டுத் தெரிஞ்சவன் ஏடு பார்க்க மாட்டானோ?” என்று ஒரே சொல்லில் எம்மை மடக்கினார். இவ்வழக்கு ஒரு கிழமை நடந்தது. அது பிள்ளையவர்களைப் பற்றிய வழக்கு மட்டுமன்று என்பது எமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆயின் பிள்ளையவர்களின் இறுதிக்காலத்தை நாம் படித்த இரவில் வழக்கெல்லாம் அடங்கிவிட்டது. 1876 பெப்ரவரி முதலாந் தேதி. நோயால் மெலிந்த ஆசிரியரைச் சவேரிநாதபிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கர் தம் மார்பிற் சார்த்தித் தாங்கிக்கொண்டிருக்கின்றார். ஆசிரியர் திருவாசகம் படிக்கும்படி குறிப்பிக்கின்றார். சாமிநாதர் நூலை எடுத்து அடைக்கலப் பத்தைப் படிக்கின்றார். அதனைக் கேட்டவாறே அம் மகாவித்துவானின் உயிர் பிரிகின்றது.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. பின்னர் மெல்லக் கேட்டார்: “தம்பி, அந்த மனுசனுக்குத் திருவாசகம் பாடமில்லாமலே படிக்கச் சொன்னவர்?”

இவ்வினாவுக்கு நாம் பயன் சொல்ல முற்படவில்லை. திருவாசகம் முழுதும் நாவிலே நின்ற ஒருவர், தம் ஆயுளில் ஆயிரமாயிரம் செய்யுள்களைத் தாம் சொல்லச்சொல்லப் பிறர் எழுதும்படி பாடிய ஒருவர், ஈற்றில் மாணாக்கனின் குரலிலே அதனைக் கேட்க விரும்பினார். கண் குறைந்தவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் ஏற்பட்ட ஒரு மாற்று ஏற்பாடு என்றே பிறர் படிக்கக் கேட்டலை நாம் அதுகாறும் கருதியிருந்தோம். அவ்வாறன்று போலும்.

இன்னுமொன்றும் கண்டோம். எம் கையிலுள்ள பிரதி பல்கலைக்கழக நாளில் நாமே பென்சிலாற் கோடிட்டுப் படித்தது. கோடுகள் எல்லாம் ஆண்டுகளின் கீழேயும் நூற்பெயர்களின் கீழேயுமே இருக்கின்றன: 1889 பத்துப்பாட்டு, 1892 சிலப்பதிகாரம், 1894 புறநானூறு. வரலாறு பயின்ற மாணவனுக்கு அவை வேண்டியனவே. ஆயினும் அன்னையார் “நில்” என்று எம்மை நிறுத்திய இடம் ஒன்றிலேனும் எமது பென்சிற் கோடு இல்லை. அவர் இன்னொரு நூலைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்று சொல்லும்படி இருக்கின்றது.

இனிப் பொழுதுபோக்கு. நாம் பழைய நூல்களைக் கட்டுவோம். கல்லூரி நூலகத்தில் முன்னர் இருந்த முதியவர் ஒருவர் ஓய்வு பெறுமுன் கற்றுத்தந்த கைவேலை. பழைய தையலை அறுத்து, இதழ்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, கிழிந்த ஓரங்களை மெல்லிய தாளால் ஒட்டி, மெழுகு பூசிய பருத்தி நூலால் மீண்டும் தைத்து, முதுகிற் சீலை ஒட்டி, மட்டை கட்டவேண்டும். பசைக்குக் கோதுமைமாவே போதும். ஆயினும் மாவின் சுவையை இராமபாணப் பூச்சி எம்மினும் நன்கறியுமாதலால், கொதிக்கும்பொழுது ஒரு சிட்டிகை துருசு சேர்க்கவேண்டும். துருசு நஞ்சு, அச்சட்டியை அடுக்களைப் பக்கமே கொண்டுபோகலாகாது. எம் மனைவியார் அதற்கெனக் கிணற்றடியில் ஓரிடம் ஒதுக்கித் தந்திருக்கின்றார். ‘ஒதுக்கி’ என்பதை அதன் முழுப்பொருளிற் கொள்க. எமக்குத் தெரிந்த அளவில், மனத்தை இவ்வளவு அமைதிப்படுத்தும் வேலை வேறில்லை. விடைத்தாள் திருத்துதல் இதற்கு நேர்மாறானது.

இப்பொழுது மேசையில் இருப்பது ஒரு சிறுநூல்: சுன்னாகம் வரத பண்டிதர் இயற்றிய ‘பிள்ளையார் கதை’. கார்த்திகைப் பூரணையின் மறுநாள் தொடங்கி 21 நாள் நோற்கப்படும் பிள்ளையார் பெருங்கதை விரதத்தில் வீடுதோறும் கோயில்தோறும் படிக்கப்படுவது. அச்சுப்பிரதிகள் கடைகளிற் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஆயினும் இப்பிரதி அம்மம்மா படித்தது, அன்னையார் படித்தது. 1995 ஒற்றோபர் 30ஆந் தேதி வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபொழுது, பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரு பொலித்தீன் பையில் எம் அன்னையார் எடுத்து வந்த ஒரே நூல் இது. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லாத கூட்டம், மேலே மழை. பை ஒழுகியது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபொழுது வீட்டில் அலுமாரி இருந்தது, நூல்கள் இல்லை. ஆகவே எம் வீட்டு நூலகத்தில் 1995க்கு முற்பட்டது என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றே. ஒவ்வோர் இதழின் கீழ்ப்பாதியிலும் மண்ணிறக் கறை படிந்திருக்கின்றது. அதனைப் போக்க முயலவில்லை. தையலை மட்டுமே புதுப்பிக்கின்றோம். மழைநாளிற் பசை உலர்வதற்கு நாட்கள் செல்லும். அம்மிக்குழவியைப் பாரமாக வைத்து இன்றோடு மூன்று நாள்.

மூன்றாவது வினாவுக்கு விடை சொல்லுமுன் இன்னொன்று கூறவேண்டும். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்திய நிபுணர் சென்ற ஆண்டே சொல்லிவிட்டார். கண்ணிலுள்ள வில்லை கலங்குவதே புரை. நுண்ணிய துளையினூடே அதனை நொறுக்கி எடுத்துவிட்டு, தெளிந்த செயற்கை வில்லையொன்றை உள்ளே வைத்துவிடுகின்றனர். கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துள் முடிக்கின்றனர். இவ்வழியைத் திறந்தவர் ஹரோல்ட் றிட்லி என்னும் இலண்டன் மருத்துவர். போர் விமானங்களின் மேன்மூடி சிதறி விமானிகளின் கண்ணுட் புகுந்த பிளாஸ்திக்குத் துகள்களைக் கண் வெறுத்துத் தள்ளவில்லை என்பதைக் கவனித்த அவர், அதே வகைப் பொருளால் வில்லை செய்வித்து 1949இல் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். எம் அன்னையார் நீர்வேலியில் தொட்டிலிற் கிடந்த காலம் அது. போரின் சிதறலிலிருந்தும் கண்ணொளி பிறந்தது என்பதை வகுப்பிற் சொன்னபொழுது பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்னையாரோ நாள் கடத்தினார். முதலில், “நல்லூர்த் திருவிழா முடியட்டும்” என்றார். அடுத்து, “பிள்ளைக்குச் சோதினை முடியட்டும்” என்றார். மூன்றாம் முறை, “தோட்டத்திலே வெண்டி நட்டிருக்கிறம், பிறகு பார்ப்பம்” என்றார். வெண்டிக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு எமக்குப் புலப்படவில்லை. புரை முற்றினால் வில்லை இறுகும், எடுப்பது கடினமாகும், கண்ணின் அழுத்தமும் ஏறக்கூடும் என்று நிபுணர் எச்சரித்தார். அஞ்சுகின்றார் என்றே எண்ணி, அச்சத்தைப் போக்குதற்கு எம்மால் இயன்ற சொற்பொழிவுகள் அனைத்தையும் நிகழ்த்தினோம். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு, “சரி, இப்ப சாமிநாதையரை எடு” என்பார்.

விளக்கியவர் எம் மனைவியார். “மாமிக்குச் சத்திரசிகிச்சை பயமில்லையப்பா. கண் வந்திட்டால் எட்டரை மணி இல்லாமற் போயிடுமெண்டுதான் பயம்” என்றார், கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று. கண் தெளிந்தபின்னும் படிப்போம் என்று சொல்லிவிடலாம், சொல்வது எளிது. தவணைப் பரீட்சை, வினாத்தாள், கூட்டம், மகளின் பாடங்கள் என்று இரவுகள் போகும் போக்கை நாம் அறிவோம். இந்த ஒன்றரை ஆண்டு எட்டரை மணியைக் காத்தது எம் நல்லெண்ணம் மட்டுமன்று; அவருடைய கண்ணின் தேவையும் அதனைக் காத்தது. அத்தேவை நீங்கவேண்டும் என்று மனமார வேண்டுகின்றோம். நீங்கியபின் அந்த நேரத்தில் விறாந்தையில் என்ன இருக்கும் என்றும் நினைக்கின்றோம். இரண்டும் ஒரே நெஞ்சில் நிகழ்கின்றன. அவர் நெஞ்சிலும் அவ்வாறே போலும்.

வரும் செவ்வாய்க்கிழமை வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. திங்கட்காலையில் விடுதியிற் சேர்க்கவேண்டும். இரண்டு நாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. விரதகாலத்திலே தலையில் நீர் வார்க்கலாகாது, குனியலாகாது, அடுப்புப்புகை ஆகாது என்று மருத்துவர் விதித்தவை அன்னையாருக்குப் பெருங்கவலையாய் இருந்தன. கோயிற் குருக்கள் ஐயா, “பிள்ளையாருக்கு உங்கட தலைமுழுக்கு வேண்டாம், நீங்கள்தான் வேணும், கதையைக் கேட்டாற் போதும்” என்று சொன்னபின்னரே மனம் அமைந்தார்.

ஆகவே எமது சனி ஞாயிறு இவ்வாறு கழியும். சனி காலையில் திருநெல்வேலிச் சந்தை. வரும்வழியில் சுடுநீர்ப் போத்தல் ஒன்று. முற்பகலில் வெண்டிப் பாத்தியில் நின்ற வெள்ளத்தை வெட்டி விடவேண்டும். பிற்பகலில் மூன்றாந் தவணை விடைத்தாள்கள். மாலையில் அம்மிக்குழவியை நீக்கிப் பிள்ளையார் கதைக்கு மட்டை கட்டவேண்டும். விரதம் தொடங்குமுன் அது முடிந்தாகவேண்டும். 21 நாளும் படிக்க வேண்டியவர்கள் நாமே.

ஞாயிறிரவுக்குரிய அத்தியாயத்தையும் பார்த்து வைத்தோம். 1880இற் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், இளைஞராகிய சாமிநாதரிடம் அதுகாறும் என்னென்ன படித்தீர் என்று கேட்டு, பின்னர் சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவும் இடம். அதன் பின்னரே சிறுப்பிட்டியார் வருவார். சத்திரசிகிச்சைக்குமுன் அவர் வரும் இடத்தை எட்டிவிட வேண்டுமென்று நாம் நேற்று இரண்டு அத்தியாயங்களைத் தொடர்ந்து படிக்க முற்பட்டோம். முதலாவது முடிந்தவுடன் அன்னையார் கையை உயர்த்தினார்.

“அவதிப்படாதை தம்பி. சிறுப்பிட்டியார் வாற இடத்தை நான் படிக்கிறன். நீ இருந்து கேள்.”

எழுத்து சிறியது, புதிய மூக்குக்கண்ணாடி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேலாகும் என்றோம். “அவர் இவ்வளவு காலம் இருந்தவர், இன்னும் ஒரு மாதம் இருப்பார்” என்றார். பின்னர், தை மாதத்தில் எட்டரை மணிக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளவேண்டாம் என்று எச்சரித்துவிட்டு உறங்கப் போனார்.

முதலியார் வரும் அத்தியாயத்தின் ஈற்றிலே பனையோலை நறுக்கொன்றை அடையாளமாக வைத்திருக்கின்றோம். நூல் 122ஆம் அத்தியாயத்தோடு இடையில் நிற்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. தாமே படித்துக் காணட்டும். விடைத்தாட் கட்டு இன்னும் அவிழ்க்கப்படாமலே கிடக்கின்றது.